தலைக்கனம்

ஏலம் முடிந்து தராசைக் கழுவிவிட்டு வந்தேன்.
கையில் இன்னும் காட் மீனின் வாடை.
ப்ரேபென் வேனுக்குள் உட்கார்ந்திருந்தான்,
இரண்டு இறக்கைகளையும் மடியில் கிடத்தி,
பஸ் வராத நிறுத்தத்தில் இருப்பவன்போல.

"பதினாலு மீட்டர் அடிக்குது, யூட்டெ."

ஹான்ஸ்ட்ஹோல்மில் அதை யாரும் காற்று என்பதில்லை.
கார் கதவைத் திறந்தால்
கதவோடு கையும் போகவேண்டும்,
அதற்குத்தான் இங்கே அந்தப் பெயர்.

இறக்கைக்கு அடியில் பென்சில் கோடு,
முன்விளிம்பிலிருந்து எண்பத்து நாலு மில்லிமீட்டர்.
கோட்டில் இரண்டு விரல் கொடுத்துத் தூக்கினேன்,
வேனுக்குள்ளேயே. வெளியே எது நிற்கும்?
வால் தாழ்ந்தது.
ஒரு நூல் அளவுதான்.

"சரியாத்தான் இருக்கு" என்றான்
கணக்குப் போட்டவனின் குரலில்.

நான் முப்பது வருடம் எடை போட்டவள்.
ஒரு பெட்டி மீனில் எவ்வளவு ஐஸ் என்று
தூக்கும்போதே சொல்வேன், படகுக்காரர்களுக்கு என்னைப் பிடிக்காது.
வால் கனம், என்றேன்.
மூக்கைத் திறந்து, பேட்டரிக்கு முன்னால்
தூண்டில் ஈயம் நாலு குண்டு வைத்து
மெழுகால் அழுத்தினேன்.
மனிதருக்கு ஆகாத தலைக்கனம்
இதற்குக் கொஞ்சம் வேண்டியிருக்கிறது.

அப்புறம் வயிறு.
காற்று கூடினால் இலேசாக்கத்தான்
புதிதாய் வருகிறவர்கள் பார்ப்பார்கள்.
இலேசானது முன்னே போகாது.
நின்ற இடத்தில் நடுங்கும்,
பிறகு பின்பக்கமாகவே நகர்ந்து
காற்றாலைகளைத் தாண்டி
எவனுடைய உருளைக்கிழங்கு வயலிலோ இறங்கும்.
ஆகவே பித்தளைத் துண்டுகள், ஆறு,
இறக்கைக் குழாய்க்குள், கோட்டுக்கு நேராக,
இந்தப் பக்கம் மூன்று, அந்தப் பக்கம் மூன்று.

என் அக்கா விபெகெ ஆல்போர்க் போய் இரண்டு வருடம்.
ப்ரேபென் இன்னும் என்னை மச்சினி என்றே
மற்றவர்களிடம் சொல்கிறான்.
சில நாள் திருத்துவேன்.

விளிம்பில் புல்லெல்லாம் படுத்துக் கிடந்தது.
கீழே கடல் வெள்ளையாய்.
"மேலே எறியாதே. நேரா, ஈட்டி மாதிரி—"
தெரியும், என்றேன்.
கையை விட்டேன்.

ஏறவில்லை. விழவுமில்லை.
எதிரே யாரோ நின்று
வாங்கிக்கொண்டதுபோல ஒரு நொடி.
பிறகு போனது,
விசில் மாதிரி ஒரு சத்தம் மட்டும் எங்களுக்கு.

உயரத்தில் அதைக் குப்புறச் சாய்த்து
குச்சியிலிருந்து விரலை எடுத்தான்.
முழங்கால் வரை பயம் எனக்கு.
அது தானாக, கொஞ்சம் சோம்பலாக,
மூக்கைத் தூக்கி நிமிர்ந்தது.
ப்ரேபென் என் பக்கம் திரும்பவில்லை.
"நாலு குண்டு" என்றான்.
அவ்வளவுதான், ஆனால் சொன்னான்.

கலங்கரை விளக்கம் வரை போனது, வந்தது.
ஒரு கடற்காகம் கூடவே கொஞ்ச தூரம் வந்து
அலுத்துப்போய் விலகியது.

இறக்குவதுதான்.
விளிம்புக்குப் பின்னால், பழைய பதுங்குகுழியின் மேல்,
அருவிக்கு அடியில் தண்ணீர் புரள்வதுபோல
காற்று புரளும். யார் சொல்லும் அங்கே எடுபடாது.
இடது இறக்கை தாழ்ந்தது, அவன் வலது கொடுத்தான்,
கொடுத்ததை அது கேட்கவில்லை.
இறக்கை கழன்று, குழாய் திறந்து,
பித்தளை ஹெதர் புதருக்குள் சிதறியது.

மண்டியிட்டுத் தேடினோம், இருட்டும் வரை.
இறக்கை முனையில் ஒரு விரிசல், ஒட்டிவிடலாம்.
எங்களுடைய துண்டுகள் ஐந்து கிடைத்தன.
ஆறாவதாக நான் எடுத்தது எங்களுடையதல்ல.
பச்சை பிடித்தது, கொஞ்சம் தடிமன்,
ஆணியால் கீறிய ஓர் எழுத்து
என்ன எழுத்தென்று தெரியாதபடி தேய்ந்து.
எந்த வருடக் காற்றில் எவருக்கு விழுந்ததோ.

திங்கட்கிழமை, முதல் படகு வருமுன்
தராசில் வைத்தேன்.
நூற்றுப் பன்னிரண்டு கிராம்.
எங்களுடையது தொண்ணூற்றைந்து.
போனில் சொன்னேன்.
வெகுநேரம் பேச்சில்லை, உப்புத்தாள் தேய்க்கும் சத்தம்.
"பதினேழு கூட. அந்தப் பக்கத்துக்கு என்ன வைப்பே?"

நெத்திலி ஒன்று, என்றேன்.
நல்லதாகப் பார்த்து.